யார் பக்கமும் சேராத மூலை

நோர்ட்விக்கில் என் குரல் தெரியாத ஆள் கிடையாது. எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டும் என் நிகழ்ச்சியைக் கேட்பதே இல்லை என்று சொல்லிக்கொள்வார்கள். பொய். நான் சனிக்கிழமை சொன்னதற்குத் திங்கட்கிழமை தபால் நிலைய வாசலில் நின்று பதில் சொல்வார்கள். கேட்காமலா பதில் வருகிறது?

மருந்துக்கடை மாடியில் எங்கள் ஊருக்கென்று ஒரு சின்ன ரேடியோ நிலையம். சனிக்கிழமை காலையில் பன்றி விலை, சோள விலை, சாவு அறிவிப்பு எல்லாம் முடிந்ததும் 'காலைச் சண்டை' என்று அரைமணி நேரம். ஒரு மைக்கில் ஆர்லிஸ் டியாடன், அதாவது நான். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவன் கென் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. எதிர் மைக்கில் நார்பர்ட் ஷ்ராம். மாட்டு டாக்டர். இந்த மாவட்டத்தில் பாதிக் கன்றுக்குட்டிகளை இழுத்து வெளியே போட்டவன். கல்யாணம் செய்துகொள்ளாதவன். இரண்டு பேரும் ஒரே கட்சிதான். ஒரே கட்சிக்குள் இருந்துகொண்டு அடித்துக்கொள்வதில் இருக்கிற சுகம், அடுத்த கட்சிக்காரனைத் திட்டுவதில் வராது.

நிகழ்ச்சி முடிந்ததும் எதிரே ஜோலீன் கடைக்குப் போவோம். பட்டைப்பொடி தூவிச் சுருட்டிச் சுட்ட இனிப்பு ரொட்டி, சினமன் ரோல் ஒன்று, ஒரு தட்டு, இரண்டு முள்கரண்டி. வெளிச்சுற்று எல்லாம் அவனுக்கு. நடுவில் மெத்தென்று வெண்ணெய் ஊறிக் கிடக்கிற சுருள் எனக்கு. யாரும் பேசி வைத்துக்கொண்டது இல்லை. முதல் நாளே அவன் வெளிச்சுற்றிலிருந்து தின்றுகொண்டே வந்து, நடுச்சுருளுக்கு முன்னால் முள்கரண்டியை வைத்துவிட்டான். அதிலிருந்து அப்படித்தான்.

இதைக் காதல் என்று யாராவது சொல்லியிருந்தால் வாயிலேயே போட்டிருப்பேன். ஆனால் சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமையே தலைமுடிக்குச் சுருள் மாட்டிக்கொண்டு தூங்கினேன். ரேடியோவில் முடி தெரியாது என்று எனக்குத் தெரியாதா என்ன.

இந்தத் தடவை எங்கள் கட்சிக்கு ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற கூத்து ஆரம்பித்ததும் எங்களுக்குத் தீனி கிடைத்தது. எங்கள் ஐயோவா மாநிலத்தில் அது தலைவிதி. நாடு முழுவதும் ஓட்டுப் போடுவதற்கு முன்னால் நாங்கள் ஜனவரிப் பனியில் காகஸ் கூட்டம் நடத்துவோம். அதனால் அதற்கு முந்தைய வருடம் முழுக்கப் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் எங்கள் பன்றித் தொழுவங்களில் வந்து பூட்ஸை அழுக்காக்கிக்கொள்வார்கள். வேட்பாளர்களில் ஒருவரான ஆளுநர் எல்வின் டாஸ்கர் ஜோலீன் கடைக்கு வந்தபோது, கிராமத்து நூலகங்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "எனக்குத் தெரியலம்மா. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்" என்றார். அடுத்த வாரம் அவரே ஃபோன் செய்து சொன்னார். தெரியாது என்று சொன்ன அரசியல்வாதியை என் ஆயுளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே அவர் அணியில் சேர்ந்தேன். எங்கள் வட்டத்துக்கு என்னைத் தலைவியாகவும் போட்டுவிட்டார்கள்.

நார்பர்ட் செனட்டர் மரியன் குவிஸ்ட் பக்கம் போனான். அவள் பால் பண்ணையில் வளர்ந்தவளாம்.

"உன் ஆளு அழகாப் பேசுறாரு, ஒத்துக்கறேன்," என்பான் மைக்கில். "ஆனா அந்தக் கையப் பாத்தியா, ஆர்லிஸ்? சோப்பு விளம்பரத்துல வர்ற கை."

"பால் கறந்தவங்க எல்லாம் ஜனாதிபதி ஆகணும்னா, நம்ம ஊர்ல பாதிப் பேரு வாஷிங்டன்ல இருக்கணும் நார்பர்ட். நீ மாட்டு வயித்துக்குள்ளயே கையை விட்டவன். உன்னை என்ன ஐ.நா. சபைக்கு அனுப்புறதா?"

ஊர் சிரிக்கும். நாங்களும் சிரித்துக்கொண்டே படி இறங்குவோம்.

அப்புறம் அந்தப் படம் வந்தது.

யாரோ எங்கேயோ தோண்டி எடுத்த பழைய ஞானஸ்நானப் படம். இளவயது டாஸ்கர், பக்கத்தில் மனைவி. குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பவர் லெஸ்டர் ஓடம். வியட்நாம் போர்க் காலத்தில், போரை எதிர்த்து, ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற அலுவலகம் ஒன்றுக்குத் தீ வைத்தவர். உள்ளே காவலாளி இருந்தது தெரியாது என்று கோர்ட்டில் சொன்னார். தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் காவலாளிக்கு இரண்டு கையும் வெந்து போயிற்று. ஓடம் வருடக்கணக்கில் சிறையில் கிடந்து, வெளியே வந்து, படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். காசில்லாத சட்டக் கல்லூரி மாணவனாக டாஸ்கர் குடியிருந்தது அவர் வீட்டு மேல்மாடியில்.

தொலைக்காட்சி முழுக்க அதே படம். டாஸ்கர் ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பேசினார். "அவர் செய்தது தப்பு. அதற்கான தண்டனையை அனுபவித்துவிட்டார். அவர் என் மகளின் ஞானத்தந்தை, என் நண்பர். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை."

நான் சமையலறையில் நின்றபடி கை தட்டினேன். ஒரு ஈ காக்கை கூட இல்லாத வீட்டில், ஈரக் கையோடு. ஓட்டுப் போகும் என்று தெரிந்தும் நண்பனைக் கைவிடாத ஒருத்தன். இவனுக்காகப் பனியில் முழங்கால் தேயக் கதவு தட்டலாம் என்று நினைத்தேன், தட்டவும் தட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை மைக்கில் அதைத்தான் சொன்னேன். சொல்லி முடித்து, நார்பர்ட் என்ன குத்து விடப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் குத்தவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"டென்னிஸ் அந்த மாதிரி ஒரு ஆபீஸ்லதான் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்தான். நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போனேன்."

டென்னிஸ் அவனுடைய தம்பி. வியட்நாமிலிருந்து பெட்டியில் வந்தான். நார்பர்ட் ஒருநாளும் அவன் பெயரை ரேடியோவில் சொன்னதில்லை.

"அந்தக் காவலாளி யாரு தெரியுமா ஆர்லிஸ்? அவனும் அந்தச் சண்டைக்குப் போயிட்டு உசுரோட திரும்பி வந்தவன். திரும்பி வந்தவனோட கைய எரிச்சிருக்கானுங்க."

"தப்புதான். தப்புன்னுதானே அவரும் சொல்றாரு."

"சொல்லிட்டு அவன் கூடவே நிக்கறாரு. நீ இவர் கூட நிக்கறே. நான் இங்கிருந்து இறங்கிப் போயி உன் கூட உக்காந்து ஒரே தட்டுல ரோல் தின்னா, ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"ஊரு நேத்தும் சொல்லிச்சு, நாளைக்கும் சொல்லும். நீ என்ன சொல்றே?"

அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தான். எப்போதும் தூக்கிப் போடுவான், அன்றைக்கு மெதுவாக வைத்தான். நாற்காலியை உள்ளே தள்ளினான், தொப்பியை எடுத்தான், படியிறங்கிப் போனான். ரேடியோவில் ஒன்றுமே கேட்கவில்லை. அப்படி விடக்கூடாது, ஜனங்கள் பெட்டி கெட்டுவிட்டது என்று தட்டுவார்கள். நான் வானிலை படித்தேன். ஏற்கனவே படித்த வானிலைதான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஜோலீன் கடையில் ஜன்னலோர மேஜையில் குவிஸ்ட் ஆட்களோடு உட்கார்ந்தான். நான் உள்ளே போனால் தலையை அசைப்பான், அவ்வளவுதான். ஜோலீன் எனக்கு ரோலை ஒரே ஒரு முள்கரண்டியோடு கொண்டுவந்து வைத்தாள். வெளிச்சுற்றை நானே தின்ன வேண்டியிருந்தது. அது இத்தனை காய்ந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருடமும் அவன் இதைத்தான் தின்றானா?

எனக்குக் கோபம் வந்தது. டென்னிஸ் விஷயம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பையன் நூலகத்தில் விமானப் படப் புத்தகங்களை எடுத்துப் போய்த் திருப்பியே தர மாட்டான், அவன் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் தீ வைத்தேனா? ஒருத்தர் ஒருத்தரோடு நின்றார், அவரோடு நான் நின்றேன், அதனால் என்னோடு நீ உட்கார மாட்டாயா? இதைக் கேட்க வேண்டும் என்று தினமும் ஒத்திகை பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது, பனி தள்ளும்போது. கேட்க முடிந்தது ஒரே இடத்தில்தான், சனிக்கிழமை மைக்கில்.

தனியாக நடத்தினேன். எதிர் நாற்காலி அப்படியே இருந்தது. நிலையத்துக்காரர் எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, தொட்டால் கையை உடைப்பேன் என்றேன். வாராவாரம் டாஸ்கரின் அந்த வாக்கியத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். "நண்பனை விடாதவன் நாட்டையும் விடமாட்டான். விடறது சுலபம் ஜனங்களே. கதவைத் திறந்துக்கிட்டுப் போயிடலாம். கூட நிக்கறதுக்குத்தான் முதுகெலும்பு வேணும்." ஊர் முழுக்கக் கேட்டது. நான் பேசியது ஒரே ஆளிடம். கீழே, மருந்துக்கடைக்கு எதிரே, அவனுடைய நீல வண்டி இன்ஜினை அணைக்காமல் நிற்கும். கண்ணாடியில் பனி மூடியிருக்கும், உள்ளே ரேடியோ வெளிச்சம் தெரியும். நிகழ்ச்சி முடிந்து நான் கோட்டு மாட்டிக்கொண்டு இறங்கி வருவதற்குள் போய்விடுவான். கேட்கத்தான் வந்திருந்தான். அதை வைத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வரை ஓட்டினேன்.

காகஸுக்கு முந்தைய வியாழக்கிழமை, கூட்டத்துக்குக் கொண்டுபோக வேர்க்கடலை வெண்ணெய் இனிப்புக் கட்டிகள் கிளறிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் டாஸ்கர் வந்தார். கருத்துக் கணிப்பில் பின்தங்கிவிட்டார் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் மனைவி நின்றாள். காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

"லெஸ்டர் ஓடமுடன் எனக்கு இப்போது எந்தத் தொடர்பும் இல்லை. எங்களுக்குள் நெருக்கமான நட்பு எப்போதுமே இருந்ததில்லை. அவருடைய செயல்களை முழுமையாக நிராகரிக்கிறேன்."

எப்போதுமே. அந்த ஒரு சொல்லில்தான் என் கை நின்றது. வாணலி அடிப்பிடித்தது, அணைக்கத் தோன்றவில்லை.

மாலையில் ஓடமைக் காட்டினார்கள். வாசலில் விழுந்த செய்தித்தாளை எடுக்க வீட்டுச் செருப்போடு பனியில் வந்திருந்தார். கிழவர். படத்தில் குழந்தையை ஏந்தியிருந்த அதே பெரிய கைகள். நிருபர்கள் கத்திக் கேட்டார்கள். "அவன் ஜெயிக்கட்டும்," என்றார். "அவன் மகளை விசாரிச்சேன்னு சொல்லுங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செருப்புத் தடம் பனியில் கிடந்ததைக் கேமரா கொஞ்ச நேரம் காட்டியது. நான் அழுதேன். அவருக்காகத்தான் அழுதேன் என்று சொன்னால் அது பாதி உண்மை.

டெ மாய்ன் நகரத்து டாஸ்கர் பிரச்சார அலுவலகத்திலிருந்து ஒருவன் ஃபோன் செய்தான். நல்ல பையன்தான், ஆனால் வாய் நிறைய சர்க்கரை.

"மேடம், சனிக்கிழமை ரேடியோவுல நீங்க ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லணும். இது துணிச்சலான முடிவு. அதே வார்த்தை, துணிச்சலான முடிவு."

"தம்பி, நான் இத்தனை வாரமா என்ன பேசினேன்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

"கேட்டோம் மேடம். ரொம்பப் பிரமாதம். இப்ப அதை அப்படியே கொஞ்சம் திருப்பிட்டாப் போதும்."

ஃபோனை வைத்துவிட்டேன். சனிக்கிழமை மைக் முன்னால் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் அந்தச் சொல் வரவில்லை, வேறு சொல்லும் வரவில்லை. அரைமணி நேரமும் போல்கா நடன இசைத்தட்டு போட்டேன். ஊரில் எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். ஜோலீன் சூப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீல வண்டி நின்றது. அன்றைக்கு மட்டும், நான் படியிறங்கி வந்த பிறகும் நின்றது. நான் அந்தப் பக்கம் அடி எடுத்து வைத்தேன், அதற்குள் கிளம்பிவிட்டான்.

திங்கட்கிழமை மாலை பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் காகஸ். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வட்டத் தலைவி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அடிப்பிடிக்காத கட்டிகள் ஒரு தட்டு மிச்சமும் இருந்தது. இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவன் வருவான்.

எங்கள் காகஸில் பெட்டியும் கிடையாது, சீட்டும் கிடையாது. யாருக்கு ஓட்டோ அவர் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் பார்க்க, பல் டாக்டர் பார்க்க, கடன் கொடுத்த பேங்க்காரன் பார்க்க நிற்க வேண்டும். முதலில் ஒருதடவை நிற்போம். அப்புறம் அரைமணி நேரம் கொடுப்பார்கள். ஒருத்தரை ஒருத்தர் இழுக்கலாம், கெஞ்சலாம், தின்னக் கொடுத்து மயக்கலாம், மூலை மாறலாம். அதன் பிறகு எண்ணுவார்கள். நின்ற இடத்தில் நின்றபடி ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

கூட்டத்தை நடத்தியவன் வெர்லின் ஹாகெடோர்ன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினான். "குவிஸ்ட் ஆளுங்க படிக்கட்டுப் பக்கம். டாஸ்கர் ஆளுங்க கூடைப் பந்து வளையத்துக்குக் கீழ. யார் பக்கமும் சேராதவங்க அந்த மூலை, மல்யுத்த மெத்தைங்க சுருட்டி வச்சிருக்குல்ல, அங்க. மெத்தை மேல உக்காராதீங்க, கோச் என்னைக் கொன்னுடுவாரு."

மெத்தை மூலையில் ஒருத்தரும் இல்லை. சுவரில் 'உறுதி சொல்லாதோர்' என்ற அட்டை மட்டும் ஒட்டியிருந்தது.

நான் வளையத்துக்குக் கீழே டாஸ்கர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் மூலை கொஞ்சம் மெலிந்திருந்தாலும் தேறுகிற கூட்டம்தான். எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். "அப்பாடா, அந்த ஆள் பிரச்சினை தீர்ந்துச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் கட்டி எடுத்துவிட்டு வந்தவர்கள் பேசுகிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன். அரங்கத்துக்கு அந்தப் பக்கம், படிக்கட்டு ஓரத்தில், நார்பர்ட் பழுப்புக் கோட்டில் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். சரியாகச் சமைத்துச் சாப்பிடுகிறானோ என்னவோ.

வெர்லின் விசில் ஊதினான். அரைமணி நேரம் ஆரம்பம். ஜனங்கள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள்.

"ஏ ஆர்லிஸ், போல்கா நல்லாயிருந்துச்சு," என்று குவிஸ்ட் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். "உன் ஆளு பேசினதை விட அதுவே மேல்."

"உன் ஆட்டத்தை விடவும் மேல்தான்," என்றேன். வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது.

அப்போது பழுப்புக் கோட்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. நேராக வந்தது. அரங்கத்தின் நடுக்கோட்டைத் தாண்டியது. கையில் ஒரு காகிதத் தட்டு. குவிஸ்ட் ஆட்கள் ஜோலீனிடம் சொல்லி வரவழைத்திருந்த சினமன் ரோல். இரண்டு முள்கரண்டி.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை வாரம் எதற்காகப் பேசினேனோ அது தட்டைத் தூக்கிக்கொண்டு தானாக நடந்து வருகிறது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் மறந்து போயின. கோட்டிலிருந்து அதே வாசனை, தொழுவமும் புகையிலையும்.

"நடுவுல தொடல," என்றான், தட்டை நீட்டி.

"தொட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

வெளிச்சுற்று காணோம். நடந்து வரும்போதே தின்று முடித்திருக்கிறான். நான் நடுச்சுருளில் ஒரு வாய் எடுத்தேன். வெண்ணெய் இன்னும் சூடாக இருந்தது. அவன் என் பக்கத்தில், என் தோளோடு தோள், டாஸ்கர் அட்டைக்குக் கீழே நின்றுகொண்டான். எங்கள் மூலையில் கைதட்டினார்கள். நார்பர்ட் ஷ்ராமே வந்துவிட்டான் என்றால் சும்மாவா?

"நிஜமாவே இங்க நிக்கப் போறியா?"

"நிக்கறேன். குவிஸ்ட்டுக்கு நான் இல்லாமலே ஆள் நிறைய. இந்தப் பக்கம்தான் ஆள் வேணும்." கொஞ்சம் தொண்டையைச் செருமினான். "உன் ஆளு வியாழக்கிழமை செஞ்சது சரியான காரியம், ஆர்லிஸ். லேட்டு, ஆனா சரி. அந்த ஓடமை வெட்டி விட்டுட்டாரு. இனிமே உன் கூட நிக்கறதுல எனக்கும் ஒரு தடையும் இல்ல. யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சனிக்கிழமைக்கு வந்துடறேன்."

சனிக்கிழமைக்கு வந்துவிடுகிறான். அந்த வார்த்தைக்காக நான் என்னென்ன கொடுத்திருப்பேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"அவர் வெட்டி விடாம இருந்திருந்தா?"

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"வந்திருக்க மாட்டேன்," என்றான். "வண்டிக்குள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன். உனக்குத் தெரியும்ல."

"தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பாத்தேன்."

"ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஆர்லிஸ்."

"எனக்கும்தான். வெளிச்சுற்று என்ன அவ்வளவு காய்ஞ்சு கிடக்குது? எப்படித்தான் தின்னே இத்தனை நாளா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு அங்கேயே நின்றிருக்கலாம். யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்? சனிக்கிழமை உண்டு, தட்டு உண்டு, எதிர் நாற்காலியில் ஆள் உண்டு. ஆனால் தலைக்கு மேலே அந்த அட்டை இருந்தது. அதில் டாஸ்கர் பெயர். கண்ணை மூடினால் பனியில் கிடந்த செருப்புத் தடம் தெரிந்தது. எங்களுக்குள் எப்போதுமே நெருக்கம் இருந்ததில்லை என்று ஓடமைப் பற்றி டாஸ்கர் சொன்னாரே, அந்தச் சொல்லைப் பாலமாகப் போட்டுத்தான் இவன் என்னிடம் நடந்து வந்திருக்கிறான். நாளைக்கு நானே ஏதாவது பேசி, ஏதாவது செய்து ஊர் வாயில் விழுந்தால், யாரை யார் வெட்டிவிட்ட பிறகு வருவான்?

முள்கரண்டியைத் தட்டில் வைத்தேன். பாதி நடுச்சுருள் மிச்சம் இருந்தது.

"இதைப் பிடி," என்று அட்டையை அவன் கையில் கொடுத்தேன்.

"எங்க போறே?"

"மெத்தை மூலைக்கு."

"அங்க யாரும் இல்லையே."

"அதான்."

"ஆர்லிஸ், விளையாடாதே. நான் உனக்காகத்தானே இங்க வந்தேன்."

"இல்ல நார்பர்ட். வழி சுத்தமாச்சுன்னு வந்தே. டென்னிஸை நான் மறக்கச் சொல்லல. ஓடமை மன்னிக்கச் சொல்லல. அந்த ஆளை நீ சாகற வரைக்கும் வெறுத்துக்கோ, நான் கூட உக்காந்து கேட்டுக்கறேன். ஆனா என்கிட்ட வர்றதுக்கு ஒரு கிழவனைப் பனியில நிறுத்த வேண்டியிருக்கக் கூடாது." மூச்சு வாங்கியது. மைக்கில் பேசுகிற குரல் அல்ல, வேறு ஏதோ குரல் வந்தது. "எனக்கு நீ வேணும். இத்தனை வயசுல இதைச் சொல்ல எனக்கு வெட்கமா இல்ல. ஆனா சும்மா வரணும். ஊரு பேசினாலும் வரணும். அப்படி வர்றதா இருந்தா, நான் அங்கதான் நிப்பேன்."

எங்கள் மூலைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். "தலைவியே ஓடுறாங்கப்பா" என்று எவனோ சொன்னான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அரங்கத்தைக் குறுக்காகக் கடந்து போய், சுருட்டி வைத்த மெத்தைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். வியர்வையும் ரப்பரும் கலந்த வாடை. உட்காரலாம் போலிருந்தது, கோச்சை நினைத்து உட்காரவில்லை.

விசில் ஊதினான் வெர்லின். எண்ணிக்கை.

குவிஸ்ட் மூலை முதலில் சொல்லி முடித்தது, வெகுநேரம் பிடித்தது. பிறகு டாஸ்கர் மூலை. ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் குரல்கள் வந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த குரல்கள், கதவு தட்டி நானே சேர்த்த குரல்கள். நார்பர்ட்டின் முறை வந்தது. ஒரு கையில் அட்டை, ஒரு கையில் தட்டு. என்னைப் பார்த்தான்.

"முப்பத்தொண்ணு," என்றான்.

இத்தனை வாரம் கேட்க ஏங்கிய குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. அவனுக்கு அடுத்து இருந்தவன் சொன்னது காதில் விழவில்லை.

வெர்லின் கடைசியாக என் பக்கம் வந்தான். பென்சிலைக் காதில் செருகியிருந்தான். நான் இருந்த மூலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான்.

"ஒரே ஆள் இருந்தா அது கணக்குல சேராது, ஆர்லிஸ். பேசாம பழைய இடத்துக்குப் போயிடுங்களேன். இன்னும் நான் எழுதல."

"எண்ணு, வெர்லின்."

"சரி. சொல்லுங்க."

"ஒண்ணு," என்றேன்.

அவன் பென்சிலை எடுத்தான். "அவ்வளவுதானே?"

நான் அந்தப் பக்கம் பார்த்தேன். வளையத்துக்குக் கீழே எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நார்பர்ட் மட்டும் அப்படியே நின்றான். அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

"கொஞ்சம் பொறு," என்றேன். "இன்னொருத்தர் வரவேண்டியிருக்கு."

வெர்லின் என் பார்வை போன இடத்தைப் பார்த்தான். இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பண்ணை வீட்டுப் பாதைகளின் முனையில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தூரத்தில் இன்னும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைக்காக நிற்பது அவன் வேலை. பென்சிலைத் திரும்பக் காதில் செருகினான். என் பக்கத்தில் வந்து, மெத்தையின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றான்.